வைச்சுப் பார், பிறகு பாரம் குடு

ஓடுகிறோம். ஓட்டம் என்றால் உங்களுடைய ஓட்டம் இல்லை. எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே அலுமினியம். மணலில் புதைகிறது. இழுக்கிறேன். வருகிறது. மறுபடி புதைகிறது. என் புருஷன் குணரத்தினம் என் கையைப் பிடித்து இழுக்கிறார். அவருடைய தோளில் ஒரு அரிசிப் பை. பையில் அரிசி இல்லை. சுத்தியல், குறடு, தோல்வார். கால் செய்கிற சாமான்கள்.

முதலில் ஒரு 'டும்'. தூரத்தில். அது ஷெல் புறப்படுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் படுக்க இடம் தேடுவோம். பிறகு மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கிழிகிற சத்தம் கேட்டால் அது உனக்கில்லை. தாண்டிப் போகிறது. சத்தமே கேட்காமல் வருவதுதான் உனக்கு. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பால் குடிக்கிற பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும்.

"படு, மலர்! படு!"

படுத்தேன். முகம் மணலில். இடது காலில் ஓர் அடி. வலிக்கவில்லை. 'டங்' என்று கேட்டது, பாத்திரம் கீழே விழுந்தது போல. எழுந்து பார்க்கிறேன். முழங்காலுக்குக் கீழே அலுமினியத்தில் ஒரு பள்ளம். ஷெல் துண்டு பட்டுத் தெறித்திருக்கிறது. சதையாக இருந்தால் அன்றைக்கே இரண்டாம் முறை கால் போயிருக்கும். குணம் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். அந்த நேரத்திலும் பார்த்தார். தன் வேலையில் பழுது வந்துவிட்டதே என்ற முகம்.

"பிறகு தட்டி நிமித்தலாம். எழும்பு. வைச்சுப் பார், பிறகு பாரம் குடு."

தேதி கேட்காதீர்கள். சண்டையின் கடைசி நாட்கள், வைகாசி என்று பின்னால் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது. சத்தம் தெரியும். இப்போதும் தெரியும். மலேசியாவில், கேமரன் மலையில், ஒரு கொட்டகையின் தடுப்பறையில் உட்கார்ந்து இந்தச் சாட்சியத்தைச் சொல்கிறேன். ரிங்லெட்டிலிருந்து ஏறுகிற லோரி மேட்டில் கியர் மாற்றும்போது என் தோள் தானாகக் குனிகிறது. இத்தனை வருஷமாகியும் குனிகிறது.

கால் போனது அதற்கும் முந்தின கதை. விறகு பொறுக்கப் போனேன். மிதிவெடி. யார் வைத்தது என்று கேட்பவர்கள் எல்லோரும் இரண்டு காலோடு கேட்கிறார்கள். வைத்தவன் வைத்துவிட்டுப் போனான். நான் மிதித்தேன்.

எங்கள் பக்கத்தில் பொய்க்கால் செய்கிற ஒரு பட்டறை இருந்தது. அங்கேதான் குணத்தைப் பார்த்தேன். மெலிந்த ஆள். அதிகம் பேசமாட்டார். என் இடது பக்கத்தை அவர் அதிகம் பார்க்கவேயில்லை. வலது காலைத்தான் பார்த்தார். நூலைச் சுற்றி அளந்தார். குதிகாலைக் கையில் ஏந்தி மேலும் கீழும் அசைத்தார். "ஆண்டவன் செய்து வைச்சிருக்கிறான். அதைப் பாத்துச் செய்தால் போதும்" என்றார். பிறகு அலுமினியத் தகட்டை எடுத்து நாள் கணக்காகத் தட்டினார். கெண்டைக்கால் சதையின் வளைவு வரும்வரைக்கும் தட்டினார். பாவாடைக்குள் இருக்கப்போகிற காலுக்குக் கெண்டைச்சதை எதற்கு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"நீ பாப்பாய்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

நடக்கப் பழகுவதுதான் பாடு. இரண்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காலைத் தூக்குவேன். கீழே வைக்க வராது. மிதிவெடியில் கால் போனவளுக்குத் தரை தரையாக இருக்காது. எந்த இடத்தில் வைத்தாலும் அது வெடிக்கப்போகிற இடம்தான். குணம் எதிரே நிற்பார். "வைச்சுப் பார். பிறகு பாரம் குடு" என்பார். வைப்பேன். தரை சும்மா இருக்கிறதா என்று ஒரு மூச்சுப் பார்ப்பேன். சும்மா இருந்தால் பாரத்தைக் கொடுப்பேன். அப்படித்தான் நடந்தேன். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறேன். வைக்கிறேன், நிற்கிறேன், பிறகுதான் உடம்பைக் கொடுக்கிறேன். அந்த நிற்றல் மற்றவர்களுக்குத் தெரியாது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மணலைத் தாண்டினால் களப்பு, கடலோரத்து உப்பங்கழி. தண்ணீர் நெஞ்சுக்கு வருகிறது. பொய்க்கால் தண்ணீரில் மிதக்கும், ஆளைக் கவிழ்த்துவிடும். குணம் அதைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டினார். என்னை முதுகில் ஏற்றினார். அரிசிப் பை தண்ணீரில் போனது. பக்கத்தில் என்னென்ன மிதந்தது என்று சொல்லமாட்டேன். நான் மேலே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்கரையில் என்னை இறக்கி உட்காரவைத்தார். காலை மாட்டினார். நான் மெலிந்து போயிருந்தேன், வார் தளர்ந்தது. அடுத்த ஓட்டைக்கு இழுத்துப் பூட்டினார். "இறுக்கமோ?" என்றார். இல்லை என்றேன். அவர் விரல் கடைசியாகப் பட்டது அந்த வாரில்.

ஒலிபெருக்கியில் ராணுவக்காரர்கள் அரைகுறைத் தமிழில் சொன்னார்கள். ஆண்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறுங்கள். பதிவு மட்டும். பிறகு விட்டுவிடுவோம். குணம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பதிவு மட்டும்தானாம். நீ இதிலேயே நில். வந்திடுறன்."

நின்றேன். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. இன்றைக்கும் அந்தப் பஸ் திரும்பி வரவில்லை. கேட்காத இடமில்லை. அப்படி ஒரு ஆளை ஏற்றவேயில்லை என்றார்கள். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீ பார்த்தது தப்பு என்றார்கள். சனங்கள் நம்பி ஏறினார்கள். நம்பிக்கொண்டுதான் நானும் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றி எரிகிறது.

பிறகு முகாம். பிறகு படகு. பிறகு மலேசியா. அதைச் சொல்ல இன்னொரு வாய் வேண்டும்.

அகதி அட்டை வைத்திருப்பவளுக்கு இங்கே வேலை கொடுப்பதே பெரிய விஷயம். தானா ராத்தா ஊருக்குக் கீழே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்று மேடையில் போட்டார்கள். உட்கார்ந்த வேலை. பையில் மண் நிரப்பி, தேயிலைக் கன்று நட வேண்டும். வேலை இருந்தால் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு அறை உண்டு. வேலை போனால் அறை போகும். அவ்வளவுதான் என் வாழ்க்கை. மலையில் ஏறிக் கொழுந்து வெட்டினால் வேலை நிலைக்கும். ஆனால் அங்கே இரண்டு கையும் கத்திரியில் இருக்கும். பெரிய கத்திரி, வெட்டின கொழுந்து விழுகிற பெட்டியோடு சேர்ந்தது. தடி பிடிக்க மூன்றாவது கை கிடையாது. குணம் செய்த கால் சமதரைக்குச் செய்த கால். சரிவில் அதன் கணுக்கால் மடங்காது. நான் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மண் நிரப்பினேன்.

பக்கத்து வீட்டுப் பார்வதி என்னைச் 'சிலோன்காரி' என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய பூட்டன் காலத்திலிருந்து அந்தத் தோட்டம்தான். வாய் நீளம். மனசும் நீளம். அவள்தான் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏய் சிலோன்காரி, துரை ஒன்ன கூப்புடுறாரு. கேஎல்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. ஒன் கால பாக்கணுமாம்லா."

பயந்துகொண்டு போனேன். யாராவது என்னைக் கூப்பிட்டாலே என் கை அகதி அட்டையைத் தேடும்.

கோலாலம்பூர்க் கம்பெனிக்காரர்கள். இயந்திரக் கால் செய்கிறவர்கள். அவர்களுக்குச் சரிவான நிலம் வேண்டும், காலில்லாத ஆள் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. வந்தவர்களில் தமிழ்ப் பையன் ஒருவன். தினேஷ். படித்த பிள்ளை, கண்ணாடி போட்டவன். முதல் வார்த்தையே அக்கா.

"அக்கா, மனுஷன் கால்ல குதிகாலுக்குப் பின்னாடி ஒரு நரம்பு இருக்குல்ல? அது ஸ்பிரிங் மாதிரி. நீங்க கால ஊனும்போது சக்திய வாங்கி வச்சுக்கும். தூக்கும்போது திருப்பிக் குடுத்துரும். வாங்கினத திருப்பிக் குடுக்குறதுதான் அதோட வேலை. அதப் பாத்துத்தான் இத செஞ்சிருக்கோம்."

வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும் என்று அவன் வாயால் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வலது காலில் ஒயர் ஒட்டினார்கள். கெண்டையில், கணுக்காலில், உள்ளங்காலில். மேடு ஏறச் சொன்னார்கள். இறங்கச் சொன்னார்கள். ஈரத்தில் நடக்கச் சொன்னார்கள். தினேஷ் கணினியை மார்பில் அணைத்துக்கொண்டு பின்னாலேயே வருவான். வழுக்கி விழுவான், எழுந்து வருவான். "உங்க வலது கால்தான் இதுக்கு வாத்தியார்க்கா" என்பான். எனக்குக் குணத்தின் ஞாபகம் வந்தது. அவரும் வலது காலைத்தான் பார்த்தார். அதனால்தான் இந்தப் பையனை நம்பினேன். வேறெதற்கும் இல்லை.

புதுக் கால் வந்தது. கறுப்பு. கணுக்காலில் சின்ன மோட்டார். 'ம்ம்ம்' என்று கொசு பாடுவது போல ஒரு சத்தம். இரவில் சோறு ஆக்குகிற கரண்ட் சட்டிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டும்.

"ஒங் காலு சோத்துப் பானைக்கு தங்கச்சிலா" என்று பார்வதி சிரித்தாள். "பசிச்சா ரெண்டும் ஒண்ணா கத்தும்."

முதலில் அது என்னை விழத்தான் வைத்தது. பிறகு கற்றுக்கொண்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக என் நடையைக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் சரிவில் இறங்குகிறேன். கால் கீழே போகிறது, கணு மடங்குகிறது, மண்ணைத் தொடுகிறது. தொட்டு நிற்கிறது. ஒரு மூச்சு. பிறகுதான் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. நான் அப்படியே நின்றுவிட்டேன். என் பயம் அதற்கும் வந்துவிட்டது. அழுதேன். பயத்தினால் இல்லை. யாரோ என்னைப் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

தினேஷிடம் நேராகக் கேட்டேன். இது எனக்கா?

"ஒங்களுக்குத்தான்க்கா. ஒங்க காலுதான். பழச இனிமே போடாதீங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டா இது கத்துக்காது."

கத்திரியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். நாற்று மேடையில் என் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்தாள். கொழுந்து வெட்டுகிறவர்களின் வரிசையில் நானும் நின்றேன். காலையில் பனி கீழே கிடக்கும். நான் மேலே நிற்பேன். சந்தோஷமாக இருந்தேன். இந்தச் சாட்சியத்தில் இந்த ஒரு வரி சந்தோஷமும் பதிவாகட்டும்.

இனி என் தவறு. மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். வேண்டுதல் வைக்கிற சனங்களுக்குப் புரியும்.

லைனுக்கு மேலே மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். கூரையில்லாத கோயில். அரிவாள் நட்டிருக்கும், பெரிய தோல் செருப்பு வைத்திருக்கும். புதுக் கால் போட்ட அன்றே பார்வதி என்னை அங்கே கூட்டிப் போயிருந்தாள். "மல ஏறிட்டா கால் வைக்கிறேன்னு வேண்டிக்க" என்றாள். அவள் சொன்னது வெள்ளித் தகட்டில் அடித்த சின்னக் கால். கடையில் விற்கும். கை சரியானால் கை, கண் சரியானால் கண் வைப்பார்கள். எங்கள் ஊரிலும் உண்டு.

ஆடி மாதம். நேர்த்திக்கடனைத் தீர்க்க வேண்டும். தகட்டுக் கால் வாங்கத் தானா ராத்தாவுக்குப் போகலாம் என்றாள் பார்வதி. நான் வீட்டுக்குள் போய்க் குணம் செய்த காலை எடுத்து வந்தேன்.

அவள் பதறிப் போனாள். "இது ஒம் புருசன் செஞ்சதுடி."

அதனால்தான் என்றேன். முனியாண்டியிடம் நான் வைத்தது ஒரு வேண்டுதல் இல்லை. இரண்டு. மலை ஏறினால் கால் வைக்கிறேன் என்றது பார்வதிக்குத் தெரிந்தது. மற்றதை மனசுக்குள் சொன்னேன். என்னிடம் இருப்பதில் பெரியது இதுதான். இதை நீ வைத்துக்கொள். செய்தவரைத் திருப்பிக் கொடு.

பூசாரி காலைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மரக்கிளையில் அரிவாளுக்குப் பக்கத்தில் கட்டினார். வாரைப் பூட்டியபடியே கட்டச் சொன்னேன், குணம் பூட்டின அதே ஓட்டையில்.

தீபாவளி முடிந்த வாரம் வேன் வந்தது. தினேஷ் மட்டும் இறங்கினான். முறுக்குக் கொடுத்தேன், தின்றான்.

"அக்கா, கால கொஞ்சம் சர்வீசுக்கு எடுத்துட்டுப் போறேன். ரெண்டு வாரத்துல கொண்டாந்துர்றேன். சர்வீஸ் மட்டும்தான்."

மட்டும். அந்த வார்த்தை காதில் விழுந்தது. கேட்டிருக்க வேண்டும். ஆனால் எதிரே நிற்பது துப்பாக்கிக்காரன் இல்லை. அக்கா என்று கூப்பிட்டு என் வீட்டு முறுக்கைத் தின்ற பிள்ளை. கழற்றிக் கொடுத்தேன். அவனே ஒரு ஊன்றுகோலும் கொண்டு வந்திருந்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். வேன் ரிங்லெட் பக்கம் வளைவில் இறங்கியது. ஹாரன் ஒரு முறை. பிறகு இன்ஜின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் மூன்றானது. மழை. ஊன்றுகோலோடு கங்காணியைப் பார்த்தேன், கணக்கெழுதுகிற கிராணியைப் பார்த்தேன். கிராணி ஆபீஸ் சன்னலிலிருந்து சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அது டிரையல்தானேம்மா. முடிஞ்சா எடுத்துருவாங்கன்னு துரைக்கே தெரியுமே. ஒனக்கு யாரும் சொல்லலியா?"

துரைக்குத் தெரியும். கிராணிக்குத் தெரியும். கால் யாருடைய உடம்பில் இருந்ததோ அவளுக்குத்தான் தெரியாது.

பார்வதியின் கைப்பேசியில் தினேஷைக் கூப்பிட்டோம். எத்தனையோ முறைக்குப் பிறகு எடுத்தான்.

"அக்கா... புரொஜெக்ட் முடிஞ்சிருச்சுக்கா. காலு கம்பெனியோடது. நான் சம்பளத்துக்கு வேலை பாக்குறவன்க்கா. சாரிக்கா."

அழுதான். அழட்டும். அந்த அழுகையில் எனக்கு ஒரு காலும் முளைக்கவில்லை. கடைசி நாள் வந்தபோதே உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். மறுபடியும் "சாரிக்கா" என்றான். தெரியும் என்று அதற்கு அர்த்தம். தெரிந்துகொண்டு என் முறுக்கைத் தின்றிருக்கிறான். பார்வதி போனைப் பிடுங்கி நல்ல வார்த்தை நாலு கொடுத்தாள். அதை இங்கே எழுதமுடியாது. அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? அகதி அட்டைக்காரி போலீசில் போய் என் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால், முதலில் என் அட்டையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஒரு சாயங்காலம் பார்வதி கைப்பேசியை நீட்டினாள். முகம் செத்துப் போயிருந்தது. "இது ஒன் காலுதானே, பாரு."

ஒரு மேடை. வெளிச்சம். கோட்டுப் போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். வேறொரு மனிதர், வெள்ளைக்காரர், அரைக்கால் சட்டையோடு நடக்கிறார். மேடையில் ஒரு சரிவு கட்டியிருக்கிறார்கள். அவர் இறங்குகிறார். கறுப்புக் கால் கீழே போகிறது. தொடுகிறது. நிற்கிறது. ஒரு மூச்சு. பிறகு பாரத்தை வாங்கிக்கொள்கிறது. சனங்கள் கை தட்டுகிறார்கள்.

பார்வதிக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"காலு தரையில பட்டதும் கொஞ்சம் நிக்குதாம். மண்ண பாத்துட்டு அப்புறந்தான் வெயிட்டு வாங்குதாம். மனுசன் ஒடம்ப இயற்கை அப்படித்தான் படைச்சிருக்காம். அதப் பாத்து செஞ்சோங்கிறாரு."

எந்த இயற்கை? மனிதர்கள் தரையைச் சந்தேகப்பட்டா நடக்கிறார்கள்? பார்வதி நடக்கிறாள், துரை நடக்கிறார், பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டு ஊர் பார்க்க வந்தவர்கள் நடக்கிறார்கள். ஒருவரும் தொட்டு நிற்பதில்லை. அது மிதிவெடி கொடுத்த பயம். மூங்கிலுக்கு எதிரே நின்று என் புருஷன் சொல்லிக் கொடுத்த பாடம். அந்த மேடையில் நடந்த மனிதருக்கு மிதிவெடி தெரியுமோ தெரியாதோ. அவருடைய இடது கால் குணத்தின் சொல் கேட்டு நடக்கிறது. காலைத் திருடியதைக் கூட ஒரு பக்கம் வைப்பேன். இதை எப்படி வைப்பேன்?

நாற்று மேடையில் என் இடத்துக்கு வந்தவள் இருக்கிறாள், அவளை எழுப்ப முடியாது என்றார்கள். மலைக்கு என்னால் முடியாது. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கோபிஸ் என்கிற முட்டைக்கோசைப் பொட்டலம் கட்டுகிற ஒரு கொட்டகையில் நின்று செய்கிற வேலை இருக்கிறது, பின்னால் ஒரு தடுப்பறையும் உண்டு என்று பார்வதி விசாரித்து வந்தாள். நிற்க இரண்டு கால் வேண்டும். எனக்கு இருந்த இரண்டாவது கால் முனியாண்டியிடம் இருந்தது.

சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. பூசாரி தலையைச் சொறிந்தார். "நான் எடுத்துக் குடுக்க முடியாதும்மா. பூக் கட்டிக் கேப்போம். செவப்பு வந்தா சாமி குடுத்துட்டாருன்னு அர்த்தம். வெள்ள வந்தா கேக்கவே கூடாது."

வெற்றிலையில் சிவப்பு ரோஜா ஒன்று. இன்னொரு வெற்றிலையில் வெள்ளைச் செவ்வந்தி. ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றிக் காலடியில் போட்டார். பார்வதி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

பார்வதி என்னைக் கட்டிக்கொண்டாள். "குடுத்துட்டாருடி! முனியாண்டி குடுத்துட்டாரு!" சந்தோஷத்தில் அழுதாள். பூசாரியும் சிரித்தார். அவர்களுக்கு ஒரு வேண்டுதல்தான் தெரியும்.

நான் அந்த ரோஜாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை வைத்துக்கொள், அவரைக் கொடு என்றேன். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய சாமி, அரிவாளோடு நிற்கிறவர், என்னிடம் பொய் சொல்லவில்லை. பதிவு மட்டும் என்று சொல்லவில்லை. சர்வீஸ் மட்டும் என்று சொல்லவில்லை. முடியாததை முடியாது என்று சொல்லி, வாங்கினதை என் கையில் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு நேராகப் பதில் சொன்னது அவர் ஒருவர்தான். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் குணத்துக்காக அழுதேன். அதுவரைக்கும் அவர் வருவார் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

காலை இறக்கினோம். மழைக்காலம் முழுக்கக் கிளையில் தொங்கியது. ரப்பர் பாதம் வெடித்திருந்தது. உள்ளே எறும்பு. தோல்வார் பூஞ்சை பிடித்து, பூட்டை அவிழ்க்கும்போதே அந்த ஓட்டையில் அறுந்துபோனது. அலுமினியம் மட்டும் அப்படியே இருந்தது. கெண்டையின் வளைவு, கீழே ஷெல் துண்டின் பள்ளம். புதுக் காலின் குழியில் பழகிவிட்டதால் என் கால் முனை வடிவம் மாறிவிட்டது. துணி சுற்றிச் சுற்றி அடைக்கிறேன். மோட்டார் கடையில் டயர் வெட்டிப் பாதம் ஒட்டித் தந்தார்கள். கொட்டகையில் நிற்கிறேன். சாயங்காலம் துணியை அவிழ்த்தால் ரத்தம் இருக்கும்.

சாட்சியம் எழுதுகிறவர்கள், இழந்ததைக் கணக்காகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். சொல்கிறேன்.

விறகுக்குப் போன இடத்தில், என் இடது கால். மணலில், எங்களோடு ஓடி எழும்பாத சனங்கள். அவர்களை எண்ண என்னால் முடியவில்லை, எண்ண வேண்டியவர்களும் எண்ணவில்லை. களப்பில், கால் செய்கிற சுத்தியலும் குறடும். அக்கரையில், என் புருஷன். மரக்கிளையில், அவர் கை பட்ட கடைசி வார். கேமரன் மலையில், ஒரு கறுப்புக் கால், மலைமேல் எனக்கு இருந்த இடம், லைனில் ஓர் அறை. அக்கா என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மனசு.

கடைசியாக ஒன்று. அந்தக் கால் இனி கடைகளுக்கு வருமாம். எந்தெந்த ஊரிலோ, யார் யாரோ அதைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். நன்றாக நடக்கட்டும், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கால் தரையைத் தொட்டதும் ஒரு மூச்சு நிற்கும். அதை இயற்கை என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதற்குப் பெயர் இருக்கிறது. குணரத்தினம். கால் செய்கிறவர். பஸ்ஸில் ஏற்றினார்கள். திருப்பித் தரவில்லை.